நூலகத்திலேயே படிப்பதா, வீட்டுக்கு எடுத்துப் போவதா?

செலவு: அங்கேயே உட்கார்ந்து படிக்கப் பெரும்பாலும் உறுப்பினர் அட்டைகூட வேண்டாம். இரவலுக்கு அட்டை வேண்டும். தவணை தாண்டினால் பல இடங்களில் அபராதமும் உண்டு.

கிடைப்பது: அகராதி, கலைக்களஞ்சியம், பழைய நாளிதழ்த் தொகுப்பு போன்றவற்றைப் பொதுவாக இரவல் தரமாட்டார்கள். தேடாதது கிடைக்கும் சுகமும் அங்கேதான். துறைவாரியாக எண் கொடுத்து வகைப்படுத்தும் டியூயி முறையில் நூல்களை அடுக்கியிருந்தால், 520-இல் வானியலைத் துழாவும்போதே 530-இல் இயற்பியல் கண்ணில் படும். கையில் பட்டியலோடு போய் அதை மட்டும் எடுத்துத் திரும்புபவர்களுக்கு இது வாய்க்காது.

வசதி: இரவல் நூலைப் படுத்துக்கொண்டே படிக்கலாம். தவணையைப் புதுப்பிக்கலாம், வேறொருவர் முன்பதிவு செய்யாதவரை.

நாலைந்து நூல்களை விரித்து வைத்துக் குறிப்பெடுப்பவர்களுக்கு நூலக மேசை. நாவலுக்கு வீடுதான் சரி. அப்போதும் முதல் அத்தியாயத்தை அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.