'நீக்கு' பட்டனுக்குப் பின்னால்: லிங்க், ஃபார்ம், ஃபெட்ச்

வலைப்பக்கத்தில் 'நீக்கு' என்பதை அழுத்தினால் சர்வரில் நிரல் ஓடி, அந்தப் பதிவு போய்விட வேண்டும். இதற்கு வழி மூன்று: முகவரியின் வாலில் பதிவு எண்ணை ஒட்டிய சாதாரண லிங்க், போஸ்ட் (எதையாவது மாற்றச் சொல்லும் கோரிக்கை) அனுப்பும் ஃபார்ம், பக்கத்தை விட்டுப் போகாமலே கோரிக்கை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச். அண்மையில் ஒரு நிர்வாகப் பக்கத்துக்காக யோசித்து, ஃபார்மை எடுத்தேன்.

தேடல், வடிகட்டல், பதிவிறக்கம் போல எதையும் மாற்றாத வேலைக்கு லிங்க்தான். அதில் விவாதமே இல்லை.

மாற்றும் வேலை என்றால், லிங்க்கை யார் திறக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. லிங்க் அனுப்புவது கெட், அதாவது 'இதைக் கொடு' என்று மட்டும் கேட்கும் கோரிக்கை. கெட் எதையும் மாற்றக் கூடாது என்று, வலையின் ஹெச்டிடிபி விதிகளைச் சொல்லும் 1999-இன் ஆர்எஃப்சி 2616 ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அதை நம்பித்தான் மற்ற மென்பொருள்கள் லிங்க்குகளைத் தாராளமாகத் திறக்கின்றன. தேடுபொறிக்காகப் பக்கங்களைத் திரட்டும் கிராலர் திறக்கும். மின்னஞ்சலைச் சோதிக்கும் ஸ்கேனர் திறக்கும். 2005-இல் வந்த கூகுள் வெப் ஆக்சிலரேட்டர், பயனர் லாகின் செய்திருந்த பக்கங்களின் லிங்க்குகளையும் முன்கூட்டியே எடுத்துவைத்தது. நீக்கும் லிங்க்குகளும் அதில் சிக்கி, பலருடைய தரவு அழிந்தது. 'உறுதியா?' என்று கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் பெட்டி இங்கே காப்பாற்றாது. முகவரியை நேரடியாகக் கேட்கும் நிரல் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை.

லாகின் செய்தவரை சர்வர் அடையாளம் காண்பது குக்கியால்; வேறு தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளில் அதைக் கட்டுப்படுத்தும் சேம்சைட் லாக்ஸ் அமைப்பும் போதாது. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டுக்கு அது குக்கியைத் தராது. ஆனால் அங்கிருந்து ஒருவர் லிங்க்கை அழுத்தி வந்தால் குக்கி கூடவே வந்துவிடும். வலைத்தளம் கட்ட உதவும் பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோ தன் 5.0 பதிப்பில் லாக்அவுட்டைக்கூட போஸ்டுக்கு மட்டும் என்று ஆக்கியது எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது.

ஃபார்மில் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. கோரிக்கை நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறியான சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் 303 ('அந்த முகவரிக்குப் போ' என்னும் பதில் எண்) கொடுத்து வேறு பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ரிஃப்ரெஷ் செய்யும்போது அதே போஸ்ட் மறுபடி போகும். ஒரு ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம் வைக்க முடியாது என்பதால், பட்டியல் முழுவதும் ஏற்கெனவே ஃபார்முக்குள் இருந்தால் பட்டனுக்கு மட்டும் தனி முகவரி குறிக்கும் ஃபார்ம்ஆக்‌ஷன் தரலாம். தோற்றம் லிங்க் போலவே வேண்டுமா? சிஎஸ்எஸ்ஸில் சில வரி.

ஃபெட்சில் பக்கம் மறுபடி ஏறாது, அது இதம். பிழைச் செய்தி, காத்திருப்புக் குறி, இருமுறை அழுத்துவதைத் தடுப்பது எல்லாம் நம் தலையில். சிறிய ஆன்-ஆஃப் வேலைகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரே திரையில் நிறையச் செயல்கள் இருந்தால் என் கணக்கு மாறக்கூடும்.

மின்னஞ்சலில் லிங்க்கைத் தவிர்க்க முடியாது. அங்கேயும் லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அந்தப் பக்கத்தின் பட்டன் போஸ்ட் அனுப்பட்டும்.