செமாராங்கில் ஒரு நாள்: கோத்தா லாமாவா, பெச்சினானா?

ஜாவா தீவின் வடகரையில் இருக்கும் பெரிய துறைமுக நகரம் செமாராங். கப்பலில் வந்து போரோபுதூர் என்னும் பழைய பௌத்த நினைவுச் சின்னத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இறங்குகிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து வடகரைப் பாதையில் சுராபாயாவுக்கு ஓடும் ரயில்களும் இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. ஆனாலும் நின்று பார்க்கிறவர்கள் குறைவு. பலருக்கும் கையில் இருப்பது ஒரு பகல், கூடப் போனால் ஓர் இரவு. அந்த நேரத்தை எங்கே செலவிடலாம் என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டும் இடம் கோத்தா லாமா, டச்சுக்காரர்கள் கட்டிய பழைய நகரம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், செமாராங் ஆற்றின் வளைவை ஒட்டி, பெச்சினான் என்னும் சீனர் பேட்டை இருக்கிறது. ஒரு நாள்தான் உண்டு என்றால் நான் பெச்சினானைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன். கோத்தா லாமாவின் அருமையைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை, அது நிஜமாகவே அழகான இடம்.

1678-இல் மத்தாராம் அரசரிடமிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி செமாராங்கைப் பெற்றது. முதலில் கோட்டை, அப்புறம் மதில் சூழ்ந்த ஊர். 1824-இல் மதிலை இடித்தார்கள். அதன்பிறகு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சர்க்கரை வியாபாரிகளின் அலுவலகங்களும் வரிசையாக எழுந்தன. சுமார் 31 ஹெக்டேர் பரப்புதான், காலார நடந்தே முழுவதையும் பார்த்துவிடலாம். நடுவில் எண்கோண வடிவத்தில் ஒரு தேவாலயம், பெரிய செம்பு நிறக் குவிமாடத்தோடு. கெரெஜா பிளெண்டுக் என்று ஊரே சொல்கிறது. 1753-இல் கட்டியது. முன்பக்கம் நிற்கும் இரண்டு கோபுரங்களும் 1890-களில் நடந்த திருப்பணியில் சேர்ந்தவை. எதிரே டச்சுக் கட்டடக் கலைஞர் தாமஸ் கார்ஸ்டன் வரைந்த காப்பீட்டு நிறுவனக் கட்டடம். இந்த ஊரின் முகத்தைத் தீர்மானித்தவர்களில் கார்ஸ்டனுக்கு முக்கிய இடம் உண்டு. கொஞ்சம் தள்ளி இருக்கும் ஜோஹார் சந்தையும் அவர் கைவண்ணம்தான். காளான் போல மேலே விரியும் கான்கிரீட் தூண்கள், அவற்றின் இடைவெளியில் இறங்கும் வெளிச்சம். 2015 மே மாதத் தீயில் அந்தச் சந்தை எரிந்தது. சீரமைத்து 2022-இல் திறந்துவிட்டார்கள். நேரம் இருந்தால் உள்ளே ஒரு சுற்று போய் வாருங்கள்.

கோத்தா லாமா இருபது வருடங்களுக்கு முன்பு இப்படி இல்லை. கூரை இடிந்த கிடங்குகள், சுவரைப் பிளந்து வளர்ந்த ஆலமரங்கள், கடல் ஏறினால் தெருவில் தேங்கும் உப்புத் தண்ணீர். 2017 வாக்கில் தொடங்கிய பெரிய சீரமைப்பில் தெருக்களுக்குக் கல் பாவினார்கள், மின்கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோனார்கள், வடிகாலைச் சரிசெய்தார்கள். இது சாதாரண வேலை இல்லை. இன்று சக்கர நாற்காலியோடும் குழந்தை வண்டியோடும் போகக்கூடிய நடைபாதை இந்தோனேசிய நகரங்களில் எத்தனை இடத்தில் இருக்கிறது? வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் தயங்காமல் கோத்தா லாமாவுக்கே போங்கள். சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு அந்தத் தெருக்கள் மிக அழகு.

குறை என்று பார்த்தால், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இது தொடக்கத்திலிருந்தே அலுவலக வட்டாரம், குடியிருப்பவர்கள் குறைவு. 1895-இல் கட்டிய ஸ்பீகல் கடை இப்போது உணவகம். அதைப் போல வேறு பல கட்டடங்களும் காபிக்கடைகளாகவோ படம் எடுத்துக்கொள்ளும் இடங்களாகவோ மாறியிருக்கின்றன. சுவரைப் பார்க்கிறோம், கதவைப் பார்க்கிறோம். அந்தச் சுவருக்குள் இருந்த பணம் யாருடையது, எந்தக் கரும்புத் தோட்டத்தில் யார் முதுகொடிய உழைத்து வந்தது என்பதைத் தெருவில் எதுவும் சொல்வதில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போன்ற பயணிகள்தான்.

பெச்சினானில் நிலைமை வேறு. 1740-இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், சீனர்களைக் கொன்று குவித்தார்கள். அதைத் தொடர்ந்து ஜாவா முழுவதும் போர் மூண்டது. அதற்குப் பிறகு செமாராங்கில் இருந்த சீனர்களைத் தங்கள் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ள டச்சுக்காரர்கள் ஆற்றங்கரையில் இந்த இடத்தில் குடியமர்த்தினார்கள் என்பதுதான் இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னர் 19-ஆம் நூற்றாண்டில், இன்ன இனத்தார் இன்ன பேட்டையில்தான் வசிக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டமே இருந்தது. கோத்தா லாமாவும் பெச்சினானும் ஒரே ஆட்சி போட்ட ஒரே திட்டத்தின் இரண்டு பக்கங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

இந்த இரண்டு பக்கத்தையும் தன் வாழ்க்கையால் இணைத்த ஒருவர் உண்டு. சர்க்கரை ராஜா என்று பெயர் வாங்கிய ஓய் தியோங் ஹாம். 1866-இல் செமாராங்கில் பிறந்தவர், சர்க்கரை ஆலைகளும் கப்பலும் வங்கியுமாக வளர்ந்து ஆசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். அவர் குடும்பத்து நிறுவனத்தின் அலுவலகம் கோத்தா லாமாவில்தான் இருந்தது. சீனர் பேட்டைக்கு வெளியே வீடு கட்டி வாழ அவரைப் போன்ற செல்வந்தருக்கே தனியாக அனுமதி தேவைப்பட்டது. 1924-இல் சிங்கப்பூரில் இறந்தார். 1961-இல் அந்த நிறுவனத்தின் சொத்துகளை இந்தோனேசிய அரசு எடுத்துக்கொண்டது.

பெச்சினானில் எங்கே தொடங்குவது? காங் லோம்போக் என்ற சந்து. அங்கே தாய் காக் சியே கோயில் இருக்கிறது. 1746-இல் தொடங்கி 1771-இல் இந்த இடத்துக்கு மாறிய கோயில். கூரை முகட்டில் டிராகன்கள், உள்ளே ஊதுபத்திப் புகையில் கறுத்த மரம், சன்னதி சன்னதியாகத் தெய்வங்கள். பதினைந்தாம் நூற்றாண்டுச் சீனக் கடலோடி செங் ஹோவுக்கும் இங்கே வழிபாடு உண்டு. அதன் பின்னணி சுவையானது. ஊரின் மேற்கே இருக்கும் சாம் போ கோங்தான் செங் ஹோவின் பெயரால் அமைந்த பழைய தலம். 19-ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்தின் சொந்தக்காரர் கும்பிட வருகிறவர்களிடம் காசு வசூலிக்க ஆரம்பித்தார். பக்தர்கள் இங்கே தாய் காக் சியேயில் ஒரு சிலையை வைத்து வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். 1879-இல் ஓய் தியோங் ஹாமின் தந்தை ஓய் சியே சியென் அந்த நிலத்தையே வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்றும் ஆண்டுதோறும் தாய் காக் சியேயிலிருந்து சாம் போ கோங்குக்கு ஊர்வலம் போகிறது. தேர்த்திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் அந்நியம் தோன்றாது.

கோயிலை ஒட்டியே லும்பியா கடை. செமாராங் லும்பியாவின் உயிர் மூங்கில் குருத்து. அதை மெல்லிசாகச் சீவி, அதற்கே உரிய வாடை போகும்வரை வேகவைத்து, முட்டையும் இறாலும் சேர்த்து வதக்குவார்கள். அதை மெல்லிய மாவுத் தோலில் வைத்துச் சுருட்டினால் லும்பியா தயார். பொரித்தும் கேட்கலாம், பொரிக்காமலும் கேட்கலாம். கூடவே பூண்டு வாசனையோடு கெட்டியான இனிப்புச் சாறு, வெள்ளரி ஊறுகாய், பச்சை மிளகாய், வேரோடு ஒரு சின்ன வெங்காயத் தாள். மிளகாயை ஒரு கடி, லும்பியாவை ஒரு கடி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். பொரிக்காததை முதலில் கேளுங்கள் என்பேன். குருத்தின் இனிப்பு அதில்தான் நன்றாகத் தெரியும். சைவம் சாப்பிடுபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், இறாலோ கோழியோ இல்லாமல் கிடைப்பது அரிது. பன்றி இறைச்சி வேண்டாம் என்பவர்கள் இந்தப் பேட்டையில் ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டே உட்காருவது நல்லது.

ஆனால் நான் பெச்சினானைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் சாப்பாடு இல்லை. காங் பிங்கிர் தெருவில் போயென் ஹியான் தோங் என்ற சங்கம் இருக்கிறது. 1876-இல் இசைச் சங்கமாகத் தொடங்கியது. சுகார்த்தோ ஆட்சியில் 1967-இல் வந்த உத்தரவு, சீனர்களின் வழிபாட்டையும் பண்டிகைகளையும் பொது இடத்தில் நடத்தக் கூடாது என்று அடைத்துவிட்டது. 2000-இல் அதை நீக்கியவர் குடியரசுத் தலைவர் அப்துர்ரஹ்மான் வாஹித், ஊரார் வாயில் குஸ் துர். அவர் முஸ்லிம் மார்க்க அறிஞர், பெரிய உலமா குடும்பத்து வாரிசு. அவர் பெயர் பொறித்த நினைவுப் பலகையை இந்தச் சங்கத்தார் தங்கள் முன்னோர்களின் பலகைகளோடு வைத்து வணங்குகிறார்கள். அதோடு நிற்கவில்லை. 1998 மே மாதம் நாட்டின் பல நகரங்களில் சீனர்கள் மீது வன்முறை நடந்தது, பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த நினைவுக்காக இங்கே மே மாதத்தில் கூடிப் பாகற்காயைக் காரச் சாந்தோடு சாப்பிடும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். கசப்பை வாயில் போட்டு மென்று விழுங்குகிறார்கள். அரசு எழுப்பிய நினைவுச் சின்னங்கள் எத்தனையோ உண்டு. நடந்ததைத் தாங்களே சொல்லித் தங்கள் பிள்ளைகளுக்கும் கடத்தும் இந்தச் சின்னக் கூடம் எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கோத்தா லாமாவில் இதற்கு ஈடாக எதையும் நான் காணவில்லை.

நடப்பதற்கு வசதி என்று பார்த்தால் பெச்சினான் தோற்கும். நடைபாதை கிடையாது, இருந்தாலும் மோட்டார் சைக்கிள் நிற்கும். ஆறு அழுக்கு. பகல் முழுவதும் சரக்கு இறக்கும் சத்தம். கடைகள் சாயங்காலமே ஷட்டரை இறக்கிவிடும், அதற்குப் பிறகு தெரு வெறிச்சோடிவிடும். வார இறுதி இரவுகளில் காங் வாருங்கில் கூடும் செமாவிஸ் சந்தை மட்டும் விதிவிலக்கு. அதனால் வெள்ளி முதல் ஞாயிறுக்குள் உங்கள் நாள் வருமாறு பார்த்துக்கொண்டால் இரவும் பெச்சினானுக்கே. வார நாள் என்றால் இரவுக்குக் கோத்தா லாமா.

பெச்சினான் பக்கம் போவதில் இன்னொரு லாபம், கூப்பிடு தூரத்தில் இருக்கும் சின்னச் சின்ன கம்போங்குகள், அதாவது ஊருக்குள் இருக்கும் குடியிருப்புகள். புஸ்தாமான் என்ற ஒடுங்கிய சந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டிறைச்சித் தொழில் செய்பவர்களுடையது. அவர்களுடைய ஆட்டுக் குழம்பில் தேங்காய்ப்பால் சேர்ப்பதில்லை என்பதுதான் அதன் பெருமை. மசாலாவின் காரம் நேராக நாக்கைத் தொடும். ஓவியர் ராடன் சாலேயின் குடும்ப வேரும் இந்த புஸ்தாமான்தான். அடுத்தது பெக்கோஜான், குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் குடியேறிய இடம். ரமலான் மாதத்தில் இங்குள்ள ஜாமி பள்ளிவாசலில் பெரிய செம்பு அண்டாவில் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் பட்டையும் எலுமிச்சைப் புல்லும் போட்டுக் கஞ்சி காய்ச்சி நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு ஊற்றுகிறார்கள். ஊரில் அதன் பெயரே இந்தியக் கஞ்சி. நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதல் வாயிலேயே உறவு தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும், யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதால். கோத்தா லாமாவுக்கு மேற்கே, ஆற்றின் மறுகரையில் கம்போங் மெலாயு. லாயுர் தெருவில் உயர்ந்த மினாராவோடு நிற்கும் பள்ளிவாசல் 1802-இல் ஏமனிலிருந்து வந்தவர்கள் கட்டியது. அதே தெருவில் ஒரு சீனக் கோயிலும் உண்டு. இந்தப் பள்ளிவாசல் முதலில் இரண்டு மாடிக் கட்டடம். ஊர் தாழத் தாழ, கடல் நீர் ஏற ஏற, தரையை மண் கொட்டி உயர்த்திக்கொண்டே வந்ததில் கீழ்த்தளம் மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது நாம் நிற்பது மேல்தளத்தில்.

செமாராங்கின் வடபகுதி இளம் வண்டல் மண், தன் எடையிலேயே அமுங்குவது. போதாததற்கு ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. சில இடங்களில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரைகூட நிலம் தாழ்வதாக அளந்திருக்கிறார்கள். மழையே இல்லாமல் கடல் ஏறி வரும் வெள்ளத்துக்கு இங்கே ரோப் என்று பெயர். 2022 மே மாதம் தஞ்சோங் எமாஸ் துறைமுகத்தில் கரை உடைந்து, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இடுப்பளவு நீரில் வீடு திரும்பினார்கள். 1867-இல் இந்தோனேசியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் இந்த வடபகுதியில் கெமிஜென் பக்கம்தான் இருந்தது. அதன் மிச்சமும் சேற்றில் புதைந்துபோனது. கோத்தா லாமாவுக்குத் தாவாங் ரயில் நிலையத்து முன்னால் குளமும் பம்புகளும் காவல் இருக்கின்றன. வடக்கே மீனவர் குப்பங்களில் அந்தக் காவல் போதவில்லை. வீட்டுத் தரையை உயர்த்தி உயர்த்தி, குனிந்து நுழையும் அளவுக்கு வாசல் குட்டையாகிவிட்ட வீடுகள் அங்கே இருக்கின்றன. கல் பாவிய தெருவுக்குக் கிடைத்த அக்கறையில் பாதியாவது அந்த வீடுகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சரி, அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது? காலையில் தாவாங்கில் இறங்கினால் வெயிலுக்கு முன் நேராக லாயுர் பள்ளிவாசல். அங்கிருந்து ஜோஹார் சந்தை வழியாகப் பெச்சினான், பத்து மணிக்குள் தாய் காக் சியே, பசித்ததும் லும்பியா. மதிய வெயிலில் காங் பிங்கிர் பக்கம் மெதுவாகச் சுற்றி, புஸ்தாமானில் ஆட்டுக் குழம்பு. வெயில் தாழ்ந்த பிறகு கோத்தா லாமா, தேவாலயத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து எழ நேரம் சரியாக இருக்கும். இரவு ரயில் பிடிப்பவர்களுக்கு அங்கிருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். தங்குகிறவர்கள் அறை எடுக்கும்போது ரயில் நிலையத்துக்கு வடக்கே போகாமல் தெற்கே பாருங்கள். கடல் ஏறும் நாளில் அந்த வித்தியாசம் தெரியும்.