ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த முகமும் ஜிம்ப் 3.0-வும்

கல்யாணக்காரர்கள் நாள் பார்த்து, மாதிரி பார்த்து, பேரம் பேசி வருவார்கள். சாவு வேலை அப்படி வராது. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, தென்காசியில் என் பிளெக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். ஒரு தம்பி பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். கையில் ஒரு பழைய பாஸ்புக். அதில் ஒட்டியிருந்தது கறுப்பு வெள்ளையில் பாஸ்போர்ட் சைஸ் படம். வலது கன்னத்தில் தொடங்கி மூக்கைத் தாண்டி நெற்றி வரைக்கும் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப்.

“அண்ணாச்சி, ஆச்சிக்கு இத விட்டா வேற போட்டோவே கிடையாது. காலைல ஆறு மணிக்குள்ள ஆறுக்கு நாலு பிளெக்ஸ் ஒண்ணு வேணும்.”

“பாத்துக்கலாம். டீ குடிச்சிட்டு வாங்க தம்பி.”

பாஸ்புக்கை அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 1200 டிபிஐயில், அதாவது இஞ்சுக்கு 1200 புள்ளி வீதம் எடுத்தேன். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் படம், சுமாராக 1650க்கு 2120 பிக்சல் வரும். பிளெக்ஸில் முகத்துக்கு மூன்றடி உயரம் ஒதுக்கினால் இஞ்சுக்கு ஏறக்குறைய 59 பிக்சல். தெருவில் நின்று பார்ப்பதற்கு அது தாராளம்.

ஸ்டாம்பை அழிக்க வேண்டும் என்றதும் கை தானாகக் குளோன் டூலுக்கு, அதாவது ஒரு இடத்தை நகலெடுத்து இன்னொரு இடத்தில் பூசும் கருவிக்குப் போகும். போகவிடக் கூடாது. பாதி முகத்தை நாமே வரைந்தது போல் ஆகிவிடும், வீட்டு ஆட்கள் பார்த்தவுடனே “ஆச்சி சாடையே இல்லையே” என்பார்கள். யோசித்துப் பார்த்தால் படம் கறுப்பு வெள்ளை, மை ஊதா. அந்த வித்தியாசம் ஒன்று போதும். ஊதா மை பச்சை ஒளியை விழுங்கிவிடும், நீல ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். நான் வைத்திருக்கும் படம் திருத்தும் மென்பொருளான ஜிம்பில் கலர்ஸ் மெனுவுக்குள் காம்போனன்ட்ஸ், அதற்குள் டீகம்போஸ். ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேயராக, ஒன்றின்மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள் மாதிரி, பிரிந்து விழுந்தது. பச்சையில் ஸ்டாம்ப் கரேலென்று நிற்கிறது. நீலத்தில் அதன் வட்டவிளிம்பு மட்டும் லேசாகத் தெரிகிறது, அடியில் ஆச்சியின் முகம் முழுசாக இருக்கிறது. மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன். நீலச் சேனலில் குருணை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இந்த அளவில் அது ஒரு குறையாகத் தெரியாது.

மிச்சமிருந்த விளிம்பைப் புது லேயர் ஒன்றில் ஹீல் டூலால் தடவி எடுத்தேன். ‘சாம்பிள் மெர்ஜ்டு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் கீழே இருக்கும் படத்திலிருந்து எடுத்து மேல் லேயரில் பூசும், அசலைத் தொடாது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தம்பியைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார்.

“அண்ணாச்சி, மூக்குத்தியக் காணோமே.”

தூசி என்று நினைத்து நான்தான் அழித்திருக்கிறேன். தனி லேயராக இருந்ததால் அழிப்பானை எடுத்து அந்த ஒரு புள்ளியில் வைத்தேன், மூக்குத்தி திரும்ப வந்தது. அஞ்சு மணிக்குப் பிரிண்டுக்குப் போய்விட்டது.

இந்த ஜிம்புக்கு நான் வந்த கதை அவ்வளவு பெருமையானது இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பாதிக் கடைகளைப் போல நானும் வருடக்கணக்கில் ஃபோட்டோஷாப்பின் திருட்டுப் பிரதியில்தான் ஓட்டினேன். யாரோ பென்டிரைவில் கொண்டு வந்து போட்ட ‘கிராக்’ அது. ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஒன்பது வருட வேலை முழுவதும் வாயில் நுழையாத எக்ஸ்டென்ஷனோடு திறக்காமல் கிடந்தது. பக்கத்தில் பிட்காயின் கேட்டு ஒரு மிரட்டல் கோப்பு. பணம் கட்டவில்லை. கோப்புகளும் போனது போனதுதான். மாதச் சந்தா கட்டி நல்ல பிரதியே வாங்கியிருக்கலாம், ஆடி மாதத்தில் என் கடை வருமானத்தைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஜிம்ப் இலவசம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்று இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கியது. 1996-ல் வெளியே விட்டார்கள். அதன் கோப்புகளுக்கு எக்ஸ்.சி.எஃப். என்ற வால் இருப்பது ஏன் என்று எனக்கு ரொம்ப நாளாகப் புரியவில்லை. அவர்கள் இருந்த மாணவர் மன்றத்தின் பெயர்ச் சுருக்கமாம் அது. 2018-ல் 2.10 பதிப்பு வந்தது. அதற்கடுத்த பெரிய பதிப்பான 3.0 வருவதற்குள் ஏழு வருடம் ஓடிவிட்டது, 2025 மார்ச்சில்தான் கையில் கிடைத்தது. அதற்கு முன்னால் இதை எட்டிப் பார்த்துவிட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். 3.0 வேறு மாதிரி. நான் எழுதுவது அந்தப் பதிப்பைப் பற்றித்தான்.

என்ன மாறிவிட்டது என்றால், போட்ட எஃபெக்ட் போட்டபடி லேயரின் மேலேயே ஒட்டி நிற்கிறது. காதணி விழா பேனர் ஒன்றைச் சொல்கிறேன். குழந்தையின் பெயரைத் தங்க எழுத்தில் கேட்டார்கள். அடர் மஞ்சளில் எழுத்து, அதன்மேல் ஓரத்தைப் புடைத்துக் காட்டும் பெவல், உள்ளுக்குள் ஒளிரும் இன்னர் க்ளோ, கடைசியாக நிழல் போடும் டிராப் ஷேடோ. எல்லாம் முடித்து மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு தாய்மாமா கூப்பிடுகிறார்: “‘தர்ஷினி’ இல்ல அண்ணாச்சி, மூணு சுழி ‘ணி’.” பழைய 2.10-ல் ஃபில்டர் போட்டால் அது லேயரோடு கலந்துவிடும், எழுத்தை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இப்போது எழுத்தைத் தட்டினால் போதும், பெவலும் நிழலும் கூடவே மாறிக்கொள்கின்றன. லேயர் பட்டியலில் எஃப்.எக்ஸ். என்று சின்னக் குறி ஒன்று இருக்கும். அதைத் திறந்து நிழலைக் கூட்டலாம், குறைக்கலாம், கண் குறியைத் தட்டி மறைத்தும் வைக்கலாம். கோப்பை மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் அப்படியே இருக்கிறது. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவதற்கும் இப்போது டெக்ஸ்ட் டூலிலேயே வசதி வந்துவிட்டது. பிளெக்ஸ்காரனுக்கு அந்த வெள்ளைக் கோடு சோறு மாதிரி, அது இல்லாமல் ஒரு பேனரும் போகாது.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிகோடில் தட்டினால் ‘கொ’ கொம்பும் காலும் இடம் மாறாமல் விழுகிறது. பழைய டிசைன் மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அதற்குப் பயந்தே இத்தனை வருடம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். பாமினி பழகிய விரல் உள்ளவர்கள் அதையும் இதில் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. நான் இப்போது தலைப்புக்கு பலூ தம்பி, விவர வரிகளுக்கு முக்த மலர் அல்லது கட்டமரான் எழுத்துரு வைக்கிறேன். மூன்றும் கூகுளில் இலவசம். கட்டமரான் என்றால் நம் கட்டுமரம்தான், போய்ச் சுற்றி வந்திருக்கிறது.

இன்னொரு சாமான் ‘கலர் டு ஆல்ஃபா’. இதற்காகவே ஜிம்பை வைத்திருக்கலாம் என்பேன். ஒரு அம்மா தன் மாமியார் நோட்டில் போட்டு வைத்திருந்த கோலத்தைப் புதுமனை புகுவிழா அழைப்பில் வைக்கக் கேட்டார். பேனா மையில் போட்ட கோலம். வெள்ளையைத் தேர்ந்தெடுத்து அழித்தால் கோட்டு ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு நிற்கும். கலர் டு ஆல்ஃபாவில் வெள்ளையைக் காட்டினால், ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறதோ அவ்வளவையும் கண்ணாடியாக்கிவிடுகிறது. மை மெலிந்த இடம் மெலிந்தபடியே இருந்தது. சிவப்புப் பின்னணியில் வைத்தால் அங்கேயே போட்ட கோலம் போல இருந்தது.

பிறந்தநாள் போஸ்டருக்கு வாணவேடிக்கை, விளக்கு ஒளி எல்லாம் சுலபம்: கறுப்புப் பின்னணியில் உள்ள படத்தை மேலே வைத்து லேயர் மோடை ஸ்கிரீனுக்கு மாற்றினால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் நிற்கும். கல்யாணப் பெண்ணைப் பின்னணியிலிருந்து வெட்டுவதுதான் கஷ்டம். புடவை ஓரத்தைப் பாத் டூலால் கிளிப்பிங் செய்துவிடலாம். தலையில் வைத்திருக்கும் மல்லிகைச் சரத்தில்தான் சோதனை. போனில் ஒரே தட்டில் பின்னணியை எடுக்கும் ஆப்கள் என்னிடமும் இருக்கின்றன, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் பாதிப் பூவைத் தின்றுவிடுகின்றன. ஜிம்பில் அப்படி ஒற்றைப் பொத்தான் எதுவும் இல்லை. வேண்டாத இடத்தை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவாகத் தடவி எடுக்க வேண்டும். எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. பூ மிஞ்சுகிறது.

இனிக் குறைகள்.

பெரிய சைஸ் போட்டால் மூச்சு வாங்கும். பத்துக்கு எட்டு அடியை 72 டிபிஐயில் திறந்தால் 8640க்கு 6912 பிக்சல், ஏறக்குறைய ஆறு கோடி. ஒரு பிக்சலுக்கு நாலு பைட் வீதம் ஒரு முழு லேயரே 240 எம்பி. பதினைந்து லேயர் வைத்தால் மூன்றரை ஜிபி, அன்டூவுக்குத் தனி. என் மெஷினில் 8 ஜிபிதான் ராம். அதனால் பெரிய பேனரை 36 டிபிஐயில் செய்கிறேன், நினைவகச் செலவு கால்வாசியாகிவிடும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர் யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. படத்தின் ப்ரிசிஷனை 8 பிட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் 32 பிட்டுக்கு மாற்றினால் எல்லாம் நாலு மடங்கு.

பி.எஸ்.டி. எனும் ஃபோட்டோஷாப் கோப்புதான் உண்மையான தலைவலி. நம் தொழில் ஓடுவதே யாரோ செய்த டெம்ப்ளேட்டில். அரசியல் பேனர், மஞ்சள் நீராட்டு, பொங்கல் வாழ்த்து என்று ஜிபி கணக்கில் கைமாறும் கோப்புகள். ஜிம்ப் அவற்றைத் திறக்கும். ஆனால் எழுத்து லேயர் எழுத்தாக இருக்காது, படமாகிவிடும். கோப்புக்குள் பொதிந்து வைத்த படமான ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டையும் அதன் வழியாக மாற்ற முடியாது. அவசரத்துக்கு பிரவுசரில் ஃபோட்டோபீயா என்ற படம் திருத்தும் தளத்தைத் திறந்து அங்கே பெயரை மாற்றிக்கொண்டு வருகிறேன். ஒரு வழியில் எனக்கு இது நல்லதாகவே ஆயிற்று. டெம்ப்ளேட் சரியாகத் திறக்காததால் சொந்தமாகச் செய்யத் தொடங்கினேன், என் பேனர் பக்கத்துத் தெருப் பேனர் மாதிரி இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆனால் தினம் நாற்பது பேனர் போடும் கடைக்கு இந்த சமாதானம் செல்லாது.

சிவகாசிக்கு ஆஃப்செட்டுக்கு அனுப்பும் வேலை என்றால் கவனம். ஜிம்ப் உள்ளுக்குள் ஆர்.ஜி.பி.யில், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீலத்தில்தான் வேலை செய்கிறது. 3.0-ல் அச்சகத்தின் சி.எம்.ஒய்.கே. (அச்சின் நாலு மை) ப்ரொஃபைலைக் கொடுத்து நிறம் எப்படி விழும் என்று திரையிலேயே பார்க்கலாம், டிஃப் கோப்பாக சி.எம்.ஒய்.கே.யில் எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். முதல் தடவை நான் அதைப் பார்க்காமல் கிளிப்பச்சையில் ஐந்நூறு அழைப்பிதழ் அடித்து, வந்து இறங்கியபோது வாடிய வேப்பிலை நிறத்தில் இருந்தது. அச்சகத்தின் மேல் தப்பில்லை, அந்தப் பச்சை நாலு மையில் வராது, நான்தான் பார்த்திருக்க வேண்டும். அதை விடப் பெரிய சிக்கல் சின்ன எழுத்து. ஜிம்பில் வைத்த கறுப்பு எழுத்து நாலு மையும் கலந்த கறுப்பாகப் போகும், மை ஒரு நூல் விலகினாலும் முகூர்த்த நேரத்துக்கு நிழல் விழும். அதனால் படத்தை மட்டும் ஜிம்பில் முடித்து, எழுத்தைப் பக்கம் அமைக்கும் மென்பொருளான ஸ்கிரைபஸில் தனிக் கறுப்பு மையாக வைத்து பி.டி.எஃப். எடுக்கிறேன். அதுவும் இலவசம்தான். 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது.

சில்லறை எரிச்சல்களும் உண்டு. ஒரு வட்டம் போட வேண்டுமென்றால் நேரே போட முடியாது. செலக்ஷன் எடுத்து, அதற்குள் நிறம் ஊற்ற வேண்டும். அப்புறம் அதன் ஓரத்தை மாற்ற நினைத்தால் மறுபடி முதலிலிருந்து.

பிளெக்ஸ், வாட்ஸ்அப் அழைப்பு, பழைய படம் சரிபார்ப்பு, ஃபிரேம் படம், இவைதான் உங்கள் பிழைப்பு என்றால் ஜிம்ப் 3.0 போதும். நான் ஒன்றரை வருடமாக இதிலேயே கடை நடத்துகிறேன். ஆஃப்செட்தான் பிரதானம் என்றாலோ, வாடிக்கையாளர் பி.எஸ்.டி.தான் வேண்டும் என்று நின்றாலோ, சந்தா கட்டிவிடுவது மேல். பழக ஒரு மாதம் பிடிக்கும். அந்த மாதம் சித்திரை, வைகாசியாக இருக்க வேண்டாம், ஆடியில் ஆரம்பியுங்கள்.

கன்ட்ரோல் எஸ் அடித்தால் எக்ஸ்.சி.எஃப். கோப்பாக மட்டும்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஈ என்று கடைப் பையனுக்காக மானிட்டர் ஓரத்தில் ஒட்டியே வைத்திருக்கிறேன். நேற்றும் கேட்டான்: “அண்ணாச்சி, சேவ் பண்ணிட்டேன், போட்டோவக் காணோமே?”