செத்த காலேஜுக்குக் குடும்பத்தோடு

"இந்த வெயில்ல, புள்ளைங்கள இட்டுகினு, இன்னாத்துக்குடி செத்த காலேஜ் போற?" என்று கேட்டார் அம்மா.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் அது. மிருகக்காட்சிச்சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். பழைய வண்ணாரப்பேட்டையில் என் வயதுக்காரர்களுக்கே இந்தப் பெயர் மறந்துகொண்டிருக்கிறது. என் பிள்ளைகளோ அதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார்கள். பேய் இருக்கும் கல்லூரி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு. கோடை விடுமுறையில் மூன்று வாரம் அம்மா வீட்டில். லண்டனில் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு 2001 டிசம்பர் முதல் கட்டணம் கிடையாது. மழை பெய்தால் மியூசியம், கையில் காசில்லாவிட்டால் மியூசியம் என்று வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஊருக்கு வந்த முதல் வாரத்தில் இரண்டு மால்களுக்குக் கூட்டிப்போனேன். குதிக்கிற இடம், பனி கொட்டுகிற அறை, பாப்கார்ன் என்று கரைந்த பணத்தைக் கணக்குப் பார்த்தபோது, லண்டனிலேயே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. அப்புறம்தான் இந்த யோசனை வந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்பி ஒரு வேளையில் போய் வரக்கூடிய மியூசியங்களை மட்டும் பார்ப்பது. டாக்சி கிடையாது.

முதல் நாளே சறுக்கல். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. கவுண்டரில் நின்றபோது மகன் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான், நானும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஃபாரினர் டிக்கெட் எடுங்க" என்றார். அது நம் ஊர்க்காரர் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது என்று கைபேசியில் படத்தைக் காட்டினேன். ஒரிஜினல் வேண்டும் என்றார். ஒரிஜினல் வீட்டில், அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

அம்மா அதற்குள் கவுண்டரை நெருங்கிவிட்டார். "ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரில பொறந்த பொண்ணுப்பா இவ. இவளா ஃபாரினரு?" அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அன்று இரவு உட்கார்ந்து தேடியதில் கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு உதவும். ஓசிஐ அட்டைதாரர்களின் உரிமைகளை வரிசைப்படுத்தி 2021 மார்ச் 4 அன்று உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், தேசிய நினைவுச்சின்னங்கள், வரலாற்று இடங்கள், அருங்காட்சியகங்கள், இவற்றுக்கெல்லாம் நுழைவுக் கட்டணத்தில் இந்தியக் குடிமக்களுக்குச் சமம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எங்கும் பிரச்சினை இல்லை. ஓர் இடத்தில் அட்டையைக்கூடக் கேட்கவில்லை. நான் தமிழில் மட்டும் பேசியதாலா, அம்மாவின் முகத்தைப் பார்த்தா, தெரியாது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்கள் லண்டன் நண்பர்களுக்கும் ஒரு சேதி: இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில், இலங்கை உள்ளிட்ட சார்க் கூட்டமைப்பு நாட்டினருக்கும் இந்தியர் கட்டணம்தான்.

"அதான் பேர்லயே ஓசினு கீதே, அப்புறம் இன்னா" என்றார் மாமா, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

மறுநாள் எழும்பூர், பேருந்தில். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, அடையாள அட்டையும் கேட்பதில்லை. அம்மா, நான், மகள் மூன்று பேரும் இலவசம். மகனுக்கு மட்டும் அரை டிக்கெட். குடும்பத்தில் தான் ஒருவன்தான் காசு கொடுத்துப் பயணம் செய்கிறவன் என்பதில் அவனுக்கு முதலில் கோபம், சென்ட்ரல் வருவதற்குள் பெருமை. நடத்துநர் கொடுத்த சீட்டை அன்று முழுக்கச் சட்டைப்பையில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. நான் போனபோது பெரியவர்களுக்கு 15 ரூபாய், சிறுவர்களுக்கு 10. வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை என்பதால், வெள்ளிக்கிழமை எதையும் திட்டமிடாதீர்கள். வளாகம் பெரிது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால் பிள்ளைகள் மதியத்துக்குள் சுருண்டுவிடுவார்கள். நாங்கள் மூன்றே மூன்று வைத்துக்கொண்டோம்: திமிங்கல எலும்புக்கூடு, அமராவதிச் சிற்பங்கள், வெண்கலங்கள்.

திமிங்கலம் 1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கூடத்தில் தொங்கும் திமிங்கலத்தோடு ஒப்பிட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள், எது பெரிது என்று. அதை அங்கேயே விட்டுவிட்டு அமராவதிக்கு வந்தோம். நான் இவர்களைக் கூட்டிவந்ததே இதற்காகத்தான்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 33ஏ என்று ஓர் அறை. கண்ணாடிக்குப் பின்னால் அமராவதி பௌத்த ஸ்தூபியின் பளிங்குகள் என்று அவர்கள் சொல்லும் கற்கள், உண்மையில் சுண்ணாம்புக்கல். மழை நாட்களில் பலமுறை அந்த அறைக்குப் போயிருக்கிறோம். தாமரைப் பதக்கங்கள், ஸ்தூபியையே செதுக்கிய பலகை, மாலை சுமக்கும் ஆட்கள். 1845-இல் வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். கற்கள் இங்கே வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்தன. பிறகு அவற்றில் ஒரு பகுதியைக் கப்பலேற்றினார்கள். பின்னால் தோண்டியெடுத்தவற்றில் நிறைய எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. ஆக, ஒரே ஸ்தூபி இரண்டு ஊரில்.

மகள் ஒரு கல்லின் முன்னால் நின்றாள். வட்டத்துக்குள் தாமரை, இதழ் இதழாக. "அம்மா, இதோட மீதிதான் நம்ம மியூசியத்துல இருக்கு" என்றாள்.

"நம்ம மியூசியம்னா எது?" என்று கேட்டார் அம்மா.

"லண்டன்ல இருக்கிறது, ஆயா."

"அப்போ இது?"

மகள் யோசித்தாள். "இதுவும்தான்."

"கல்லு எந்த ஊரு?"

குண்டூர்ப் பக்கம், ஆந்திரா என்று நான் சொன்னேன்.

"அப்போ ரெண்டு பேருதும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அம்மா உட்கார ஒரு பெஞ்சு தேடிப் போய்விட்டார்.

வெண்கலக் கூடத்தில் பிள்ளைகளைவிட அதிக நேரம் நின்றவரும் அவர்தான். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. கழற்றிவிட்டு, இது கோயில் இல்லையே என்று உறைத்ததும் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. அறுபத்தெட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதற்குப் பிறகு இதுதான் அவருக்கு இரண்டாவது முறை. நான்கைந்து கிலோமீட்டர் தூரம்தான்.

கோட்டைக்கு மெட்ரோவில் போனோம். வண்ணாரப்பேட்டையில் ஏறி, மண்ணடி தாண்டி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி நடை. நீதிமன்ற மதில் ஓரம் 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டு இருக்கிறது. எங்கள் பேட்டையில் கெட்டிக்காரப் போக்கிரியை "எம்டன்" என்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. மீதி நாட்களில் வீட்டில் யார் எதைத் திருடித் தின்றாலும் எம்டன்தான்.

சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ளே இருப்பதால் கோட்டை வாசலில் பையைச் சோதிப்பார்கள். மியூசியம் தொல்லியல் துறையுடையது. நான் போனபோது கவுண்டரில் 25 ரூபாய், கைபேசியில் எடுத்தால் கொஞ்சம் குறைவு. பதினைந்து வயதுக்குக் கீழே யாருக்கும் கட்டணமில்லை, எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. 1795-இல் முடித்த கட்டடம் அது. வணிகர்கள் கூடும் இடமாக இருந்தது. அடுத்த வருடமே அதன் மேல்தளத்தில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். மெட்ராசின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான்.

1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடியும் அங்கே இருக்கிறது. ஆனால் என் பிள்ளைகள் அசையாமல் நின்றது கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் அடியில். அவர் முகத்தை அவர்கள் பார்க்கவேயில்லை. பீடத்தில் செதுக்கியிருக்கும் காட்சியைத்தான் பார்த்தார்கள்: 1792 போரில் தோற்ற திப்பு சுல்தான் தன் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைப்பது. ஒருவனுக்குப் பத்து வயது இருக்கும், இன்னொருவனுக்கு எட்டு. கிட்டத்தட்ட இவர்கள் வயது.

"பிணைன்னா?"

"அப்பா பணம் கட்டி முடிக்கிற வரைக்கும் பிள்ளைகளை வச்சுக்கிறது."

"எவ்வளவு பணம்?"

மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ரூபாய்.

"எங்க வச்சிருந்தாங்க?"

மெட்ராசில்தான் என்றதும் மகன் சுற்றிலும் பார்த்தான், ஏதோ கதவு தெரியும் என்பதுபோல. திரும்ப அனுப்பினார்களா என்று மகள் கேட்டாள். 1794-இல் அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் என்று விரல்விட்டு எண்ணினாள். நாங்கள் லண்டனிலிருந்து எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறோம் என்று அடுத்துக் கேட்டாள். அதற்கும் இரண்டு என்றுதான் பதில். நான் பேச்சை மாற்றினேன்.

வெளியே வந்து கடற்கரை நிலையத்துப் பக்கம் பர்மா பஜார் வரை நடந்து அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டோம். வாழைத்தண்டு சூப் கூடவே வரும். அன்றைய செலவில் டிக்கெட்டைவிட அத்தோதான் அதிகம்.

மூன்றாவதாகப் போனது ரயில் அருங்காட்சியகம், பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம், புது ஆவடி சாலையில். 2002-இல் திறந்தது. திங்கள் விடுமுறை. வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ. மாமா ஐசிஎஃப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், கூடவே வந்தார். ஊட்டி மலை ரயில் இஞ்சினையும் பழைய பெட்டிகளையும் அவர் காட்டியபோது, ரிவெட் ஆணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. 1955-இல் நேரு வந்து முதல் பெட்டியை அனுப்பிவைத்ததில் தொடங்கி 2018-இல் இங்கேயே செய்த முதல் வந்தே பாரத் வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னார். பிள்ளைகள் பொம்மை ரயிலில் ஏறிக்கொண்டார்கள், மாமாவுக்குக் கேட்க நான்தான் மிச்சம். பிள்ளைகள் ஓடியாட இடமும் மர நிழலும் இருப்பதால், சிறு குழந்தை இருப்பவர்கள் மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் இங்கே போங்கள்.

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021-இல் திறந்த காவல் அருங்காட்சியகத்துக்கும் போகலாம் என்றிருந்தேன். மகனுக்குக் காய்ச்சல், முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், சூட்கேஸ் எடை பார்த்துச் சலித்து, மாலையில் ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். அது மியூசியம் இல்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம். அந்தக் கட்டடமே இன்னும் நிற்கிறது, வரிசையாகத் தூண்களோடு. பிளாட்பாரத்தில் நிற்பதற்கு ஏதாவது சீட்டு வேண்டுமே என்று, பக்கத்து வண்ணாரப்பேட்டைக்கே ஆளுக்கு ஐந்து ரூபாயில் டிக்கெட் எடுத்தேன். பெண்களுக்கு ரயிலில் இலவசம் இல்லை என்று தெரிந்ததில் மகனுக்கு ஏகப்பட்ட திருப்தி.

அவன் தூண்களை எண்ணத் தொடங்கினான். மகள், இங்கே எதற்குக் கண்ணாடிப் பெட்டியும் பெயர்ப்பலகையும் இல்லை என்று கேட்டாள். "இன்னும் வேல செய்யுதில்ல" என்றார் அம்மா. மகன் எண்ணி முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. அடுத்த வண்டிக்கு இருக்கலாம் என்று அவன் கெஞ்ச, காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம் வீட்டில் மசாலா தடவி ஊறிக்கொண்டிருக்கிறது என்று அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்.