சிபாப் மெஷினுக்கு டிராவல் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: என் 18,500 ரூபாய் போன கதை

கை நடுங்கிக்கொண்டே டைப் செய்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு முன்புதான், பேட்டரி விற்ற கடையில் "திறந்து பார்த்த பொருளுக்கு வாரண்டி கிடையாது சார், நீங்க எங்க வேணா போய்ச் சொல்லிக்கோங்க" என்று போனை வைத்தார்கள். 18,500 ரூபாய். பென்ஷனில் காலம் தள்ளுகிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

கேஸ் போடப் போவதால் கடைப் பெயரை எழுத வேண்டாம் என்கிறாள் மகள். சரி, எழுதவில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு எதிரே வீல்சேர், வாக்கர், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வைத்து விற்கும் சர்ஜிகல் கடை, அவ்வளவுதான். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு ஆறு வருஷமாக ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்று ரிப்போர்ட்டில் வந்தது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் சிபாப் மெஷின்தான், தூங்கும்போது மூச்சுக்குழாய் அடைக்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதுவது. பிரஷர் 11. மூக்கில் மாஸ்க்கும் குழாயுமாகப் படுத்திருப்பதைப் பார்த்துப் பேரன் எனக்கு வைத்த பெயர் யானைத் தாத்தா. வீட்டில் பிரச்சினை இல்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. பிரச்சினை எல்லாம் பயணத்தில்தான். ரயிலில் சார்ஜிங் பாயின்ட் இருக்கிறதே என்பார்கள். தீ விபத்து பயத்தால் ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை அதில் மின்சாரத்தை நிறுத்திவிடுவது உண்டு. செல்போனுக்கு அது பரவாயில்லை. நமக்குத் தேவைப்படுவதே அந்த ஆறு மணி நேரம்தானே!

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் போகாமல் முடியுமா? நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. பேட்டரி ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கடைக்குப் போனேன். முந்தின நாள் போனது என் முதல் தப்பு.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்ல வேண்டும். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி. நான் வாயைத் திறப்பதற்குள் "பிரஷர் எவ்வளவு சார் வெச்சிருக்காங்க? ஹியூமிடிஃபையர் போடுவீங்களா? 24 வோல்ட் அடாப்டர்தானே?" என்று கேட்டார். (ஹியூமிடிஃபையர் என்பது மெஷின் ஊதும் காற்றை ஈரப்படுத்தும் பகுதி.) ஆறு வருஷத்தில் என்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்ட முதல் கடைக்காரர் அவர்தான். சொந்தக்காரர்களிடம் சிபாப் என்று சொன்னால் அது என்ன ஆஸ்துமா மெஷினா என்பார்கள். நம் பாஷை பேசுகிற ஆளைப் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறது. போதாததற்கு, "எங்கப்பாவுக்கும் இதேதான் சார். திருப்பதி போகும்போது இந்த பேட்டரியைத்தான் கொடுத்து அனுப்பினேன்" என்றார். கல்லாவுக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் போட்டோ இருந்தது. அப்பாவோ யாரோ!

செங்கல் அளவில் கறுப்புப் பெட்டி. 50,000 எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்) என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம். "கனத்தைப் பாருங்க சார், உள்ள சரக்கு இருக்கு" என்றார். கடையில் இருந்த டெமோ மெஷினில் மாட்டி ஓட்டிக் காட்டினார். பத்து நிமிஷம் ஓடியது. நாலு நீல லைட்டும் அணையவில்லை. ரெண்டு ராத்திரி தாங்கும் என்றார். அடுத்த மாதம் மகனைப் பார்க்க சிங்கப்பூர் போகிறேன், பிளைட்டில் விடுவார்களா என்று கேட்டதற்கு, "தாராளமா". 22,000 சொல்லி, "உங்களுக்காக" 18,500-க்குக் கொடுத்தார். பில் கேட்டேன். ஜிஎஸ்டி போட்டால் இன்னும் கூடும் என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டில் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். ஜிபே பண்ணும்போது கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டுக்காரம்மா அக்கவுன்ட் சார்." அதற்கும் தலையாட்டினேன்.

ரயிலில் பத்து மணிக்கு மாஸ்க் போட்டுப் படுத்தேன். ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டேன், சூடாகும் குழாயையும் மாட்டவில்லை. இரண்டும் பேட்டரியைக் குடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். திருச்சிக்கு முன்னால் எங்கேயோ, நெஞ்சு அடைப்பது போல் திடுக்கிட்டு எழுந்தேன். மாஸ்க்குக்குள் காற்று வரவில்லை. மணி 12.40. பேட்டரியைப் பார்த்தால் மூன்று லைட் எரிகிறது, மெஷின் செத்துக் கிடக்கிறது. தலைமாட்டில் இருந்த சார்ஜிங் பாயின்ட்டில் குத்திப் பார்த்தேன், கரண்ட் இல்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபடியே கண் அசந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திணறித் திணறி எழுந்தேன். எதிர் பெர்த்தில் இருந்த கோவில்பட்டி அம்மா எழுந்து, "அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே? தண்ணி வேணுமா?" என்றார். அந்த அம்மாவின் தூக்கத்தையும் கெடுத்தாயிற்று. காலையில் கரண்ட் வந்ததும் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி ஓடியது 2.7 மணி நேரம் என்று திரையில் காட்டியது. அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் முகூர்த்தத்தில், தாய்மாமன் மாலை போட வர வேண்டும் என்று ஐயர் மூன்று தடவை கூப்பிட்டாராம். முதல் வரிசை நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். வீடியோவில் இருக்கிறது. தங்கை இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரும்பி வந்து போன் போட்டேன். முதல் நாள், "ஹியூமிடிஃபையர் போட்டிருப்பீங்க சார்". போடவில்லை என்றேன். "அப்ப மாஸ்க் லீக் ஆகியிருக்கும்". இரண்டாம் தடவை, முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றாததால் வந்த வினையாம். ஏற்றினேன். வீட்டில் மூன்று ராத்திரி ஓட்டினேன், ஒரு நாள்கூட மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை. நேரில் போனால் விபூதிக்காரர் இல்லை, கடைப் பையன், "ஓனர் கோயம்புத்தூர் போயிருக்காரு" என்றான். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. பத்து நாள் கழித்து, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும், கூரியர் செலவு உங்களுடையது என்றார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். வாரண்டி அட்டையில் கம்பெனிப் பெயர் என்று எதுவுமே இல்லை, அப்போதுதான் கவனித்தேன்.

பொறுமை போய், எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். உள்ளே எட்டே எட்டு செல், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவியவை. ஒன்றில் மேலுறை கிழிந்து துரு தெரிந்தது. மீதி இடத்தில் ஒரு இரும்புப் பட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து மெச்சிய கனம் அதுதான்! லைட் எல்லாம் சும்மா ஒப்புக்கு எரிகிறது அங்கிள் என்றான். டெஸ்ட் பண்ணிப் பார்த்து மொத்தம் 35 வாட் அவர் தேறினால் அதிகம் என்றான். வாட் அவர் என்றால் பேட்டரியில் சேமிக்க முடிகிற மொத்த மின்சக்தி.

அவன் சொல்லித்தந்த கணக்கு இது. செல்லின் 3.7 வோல்ட்டை 50,000 எம்ஏஹெச்சோடு பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 185 வாட் அவர். ஹியூமிடிஃபையர் இல்லாமல் என் மெஷின் சுமார் 13 வாட் இழுக்கிறது. அட்டையில் போட்டிருந்தது நிஜமாக இருந்தால் 14 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் நிஜமாக இருந்தாலும் பிளைட்டில் ஏற்ற முடியாது. லித்தியம் பேட்டரி 100 வாட் அவர் வரை சும்மா எடுத்துப் போகலாம், 160 வரை ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மேல் கிடையவே கிடையாது. அப்படியானால் அந்த "தாராளமா"வும் பொய்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் 18,500 போனது போனதுதான்.

1915-க்கு போன் செய்து நுகர்வோர் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போடப் போகிறோம். எஸ்டிமேட் சீட்டு செல்லுமா என்று மகள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. எம்ஏஹெச்சைப் பார்க்காதீர்கள், வாட் அவர் எவ்வளவு என்று கேளுங்கள், பெட்டியிலேயே அச்சடித்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஜிபேயில் வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். வாங்கி வந்து வீட்டில் ஒரு முழு ராத்திரி ஓட்டிப் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள். கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இதை எழுதி முடிப்பதற்குள் அதே கடை நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் பொதுச் செய்தி ஒன்று வந்திருக்கிறது. "புதிய வரவு! 60,000 எம்ஏஹெச் டிராவல் பேட்டரி, பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டு." ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.