சம்பள வேலையா, சொந்த வேலையா? நாள்பட்ட நோயோடு வேலை தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

காலையில் நான் ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன். என் விரல்கள் எழுவது ஏழரைக்குத்தான். அதுவரை பேஸ்ட் மூடியைத் திறக்க இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். சட்டைப் பொத்தான் தனிப் போராட்டம். மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களுக்குக் காலை நேர இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது வழக்கம்தான். பத்து மணிக்கு என்னைப் பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். வேலை தேடும்போது சிக்கலே அதுதான். முழுக்க முடியாத ஆளும் இல்லை, முழுக்க முடிந்த ஆளும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பாரு", "வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமே", "சொந்தமாகத் தொடங்கிவிடு, யார் கேட்கப் போகிறார்கள்?" எல்லாம் நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் எல்லோரும் எந்த வேலை சுலபம் என்று மட்டுமே பார்க்கிறார்கள். அலுவலகம், வீடு, பகுதி நேரம், சொந்த வேலை என்று நாலு விதமாகவும் பிழைத்துப் பார்த்துவிட்ட நான் கேட்பது வேறு கேள்வி. உடம்பு ஒத்துழைக்காத நாள் கட்டாயம் வரும். அந்த நாளின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? கீழே உள்ள எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியால்தான் அளந்திருக்கிறேன்.

முதலில் நோயின் நேரம் தெரிய வேண்டும்

நாள்பட்ட நோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும், வேலை என்று வரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. டயாலிசிஸ் எடுப்பவர் பெரும்பாலும் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் மெஷினோடு இருக்கிறார். பெரிய கஷ்டம்தான், ஆனால் எந்தக் கிழமை என்பது முன்பே தெரியும். ஒற்றைத் தலைவலி சொல்லிக்கொண்டு வராது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை படுக்கவைத்துவிடும். வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள பலருக்குச் சூடு ஆகாது. நாள்பட்ட களைப்பு நோயில் விசித்திரம் என்னவென்றால், அளவுக்கு மீறி உழைத்ததன் தண்டனை அன்றைக்கே வராமல் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும். திங்கட்கிழமை இன்டர்வியூவில் பிரமாதமாகப் பேசிவிட்டுப் புதன்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடப்பவரை "அன்னிக்கு நல்லாத்தானே இருந்தீங்க" என்று கேட்பார்கள்.

அதனால் விண்ணப்பம் அனுப்பத் தொடங்கும் முன் 4 வாரம் ஒரு நோட்டு போட்டு எழுதுங்கள். உடம்பு எத்தனை மணிக்கு வேலைக்குத் தயாராகிறது, எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகிறது, எந்த நாள் முழுக்கப் பாழாகிறது. இந்த மூன்றும் போதும். எழுதும் முன் கேட்டிருந்தால் மாதத்தில் பாதி நாள் எனக்குப் போச்சு என்று சொல்லியிருப்பேன். நோட்டைப் புரட்டினால் 28 நாளில் 3 நாள்தான் முழுப் பாழ். இன்னும் 5 நாள் மதியத்துக்கு அப்புறம்தான் நான் ஆள். அந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் எந்த வேலையைத் தேடுவது என்றே தெளிந்தது.

அலுவலகத்துக்குப் போகும் முழுநேர வேலை

கேட்டவுடனே "நமக்கு முடியாது" என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். என் அளவுகோலில் இது அத்தனை மோசமில்லை. மருத்துவ விடுப்பு இருந்தால் மோசமான நாளின் சம்பளம் நிறுவனத்தின் கணக்கு. அன்றைய வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்ப்பார். பல இடங்களில் காப்பீடும் இதோடு சேர்ந்து வருகிறது. நோயாளிக்குக் காப்பீடு இன்னொரு சம்பளம் மாதிரி.

ஆனால் வேலையை விட, வேலைக்குப் போய்ச் சேருவதுதான் ஆளைத் தின்னும். தினமும் போக வர இரண்டு மணி நேரம் என்றால், நல்ல உடம்புக்கு அது அலுப்பு. நமக்கு அது அன்றைய தெம்பில் பாதி. தொடங்கும் நேரம் கறாராக இருந்தால் காலை இறுக்கம் உள்ளவர்கள் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை தகுதிகாண் காலம். முதல் சில மாதங்களுக்குப் பல இடங்களில் விடுப்பு மிகக் குறைவு, வேலையை விட்டு அனுப்புவதும் சுலபம். புது இடம், புதுப் பயணம், புது மன அழுத்தம் எல்லாம் சேர்ந்து உடம்பு அதிகம் படுத்துவதும் அதே மாதங்களில்தான். நான் ஓரிடத்தில் எட்டாவது வாரம் மூன்று நாள் விடுப்புக் கேட்டேன். மேலாளர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத்தான் எப்பவும் ஏதாவது ஒண்ணு இருக்குமே" என்றார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் பன்னிரண்டாவது வாரம் கடிதமாக வந்தது.

பெரிய நிறுவனமா, சின்ன நிறுவனமா என்றும் கேட்பார்கள். பெரிய இடத்தில் விதி இருக்கும், சின்ன இடத்தில் மனிதர் இருப்பார். மனிதர் நல்லவராக இருந்தால் சின்ன இடம் சொர்க்கம். ஆனால் அவர் மாறிப்போனால் எல்லாமே போச்சு. ஒரே ஆளின் நல்ல மனசை நம்பி இருப்பதை விட, எழுத்தில் உள்ள வறண்ட விதியையே நான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டிலிருந்து செய்யும் சம்பள வேலை

பயணம் மிச்சம். வலித்தால் பத்து நிமிடம் தரையில் படுத்துக்கொள்ளலாம். குடல் அழற்சி நோய் உள்ளவருக்குக் கழிப்பறை நாலடியில் இருப்பதன் அருமை மற்றவர்களுக்குப் புரியாது. அதுவரை சரி.

இதில் ஒளிந்திருக்கும் பொறி ஒன்று உண்டு: விடுப்பு மெல்ல மெல்லக் காணாமல் போகும். யாரும் பறிப்பதில்லை, நாமே விட்டுக்கொடுக்கிறோம். காய்ச்சலோடு அலுவலகத்துக்குப் போகமாட்டோம். காய்ச்சலோடு லேப்டாப்பைத் திறப்போம். "வீட்டில்தானே இருக்கீங்க, ஒரே ஒரு கால் பேசிடலாமா?" என்று அவர்களும் கேட்பார்கள். ஒரு வருடம் முடிந்து பார்த்தபோது நான் எடுத்த மருத்துவ விடுப்பு 2 நாள். என் உடம்பு அதற்கு முந்தைய வருடத்தை விட மோசமாக இருந்த வருடம் அது. நஷ்டம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து என் கணக்குக்குச் சத்தமில்லாமல் மாறியிருந்தது.

இன்னொன்று, வீட்டிலிருந்து வேலை என்பதிலேயே இரண்டு சாதி இருக்கிறது. நாள் முழுக்க வீடியோ மீட்டிங்கில் உட்கார வைப்பது ஒன்று. முடித்துக் கொடுத்தால் போதும், எப்போது செய்தாய் என்று கேட்காதது இன்னொன்று. முதலாவது அலுவலகத்தின் அத்தனை கறாரையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். "ஒரு சாதாரண நாளில் எத்தனை மீட்டிங் இருக்கும்?" என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பகுதி நேரம்

பாதிச் சம்பளம், ஆனால் பெரும்பாலும் முக்கால் வேலை. அது தெரிந்தே இறங்க வேண்டும். பல இடங்களில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கீழே போனால் காப்பீடும் விடுப்பும் கிடைக்காது. அரசின் உதவித்தொகை வாங்குபவர் என்றால், எவ்வளவு சம்பாதித்தால் அது நிற்கும் என்பதை வேலையில் சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றபடி இதில் எல்லாம் மணி நேரத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தினமும் 4 மணி நேரம் என்பதும், வாரத்தில் 3 நாள் முழு வேலை என்பதும் தாளில் ஏறத்தாழ ஒன்று. உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. களைப்பு தாமதமாக வருபவருக்கு, நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுவது நல்லது. எனக்கோ தினமும் தாமதமாகத் தொடங்குவது நல்லது. என் மூட்டு நோய்க்கு எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் மருந்து. மறுநாள் எனக்குக் குமட்டலும் அசதியுமாகப் போகும். டாக்டரிடம் கேட்டு அதை வேலை இல்லாத நாளுக்கு முந்தைய இரவுக்கு மாற்றியதில், மாதம் 4 நாள் மீண்டும் கைக்கு வந்தது. வேலையை மாற்றாமலே கிடைத்த லாபம் அது.

சொந்த வேலை, ஃப்ரீலான்ஸ்

எல்லோரும் பரிந்துரைப்பது இதைத்தான். எனக்கு அதிகம் சந்தேகம் உள்ளதும் இதன் மேல்தான். விடியற்காலையோ நள்ளிரவோ, முடிகிற நேரத்தில் செய்யலாம். நோயைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உண்மைதான். ஆனால் மோசமான நாளின் நஷ்டம் 100 சதவீதம் நம் தலையில். விடுப்பு இல்லை, மாற்று ஆள் இல்லை, காப்பீட்டை நாமே தேட வேண்டும். ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீடு தேடுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்த வேலைக்குப் பணம் வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

ஒருமுறை இரண்டு வாரம் மூட்டெல்லாம் வீங்கி, வலது கையில் ஒரு விரல் மட்டும் வேலை செய்தது. மொழிபெயர்ப்பு ஒன்றை முடித்துக் கொடுக்க ஐந்து நாள்தான் இருந்தது. போனில் பேசி டைப் செய்தேன். மூட்டு என்று நான் சொன்ன இடமெல்லாம் அது மூட்டை என்று எழுதியது. மூட்டை வலி, மூட்டை வீக்கம் என்று பக்கம் பக்கமாக. சிரித்துக்கொண்டே திருத்தினேன், திருத்தி முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. அந்த வாடிக்கையாளர் கோபப்படவில்லை. அப்புறம் கூப்பிடவுமில்லை.

அதற்காக இது வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றே வேண்டும், நாளையே வேண்டும் என்கிற வேலைகளை ஒதுக்கிவிட்டு, கேட்கும் கெடுவை இரண்டு மடங்காகச் சொல்லி வாங்கி, அவசரத்துக்குக் கைமாற்றிவிட அதே தொழிலில் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டால் நடக்கும். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்போ வீட்டில் இன்னொரு சம்பளமோ இல்லாமல் இதில் குதிப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஷிப்ட் வேலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட் தூக்கத்தையும் மருந்து நேரத்தையும் கலைக்கும். வலிப்பு, ஒற்றைத் தலைவலி, இன்சுலின் எடுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் வேறு வழி இருந்தால் தவிர்ப்பதே நல்லது. செயலி வழி வேலைகளில் இஷ்டப்பட்டபோது லாகின் பண்ணலாம் என்பார்கள். ஊக்கத்தொகைக் கணக்கைப் பார்த்தால் விட்ட நாளுக்குத் தண்டனை அதில் இருக்கும்.

சொல்வதா, மறைப்பதா

ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு வேலை பற்றியது. பணியிடத்தில் நியாயமான மாற்றங்கள் செய்துதர வேண்டும் என்கிறது அது. நாள்பட்ட நோய் இதில் வருமா என்று பலரும் தயங்குவார்கள். நாட்டுக்கு நாடு வரையறை மாறும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில், அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்கும் குறைபாடு 12 மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் அதற்கு இடமுண்டு. அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்லும் முன் உடல்நிலையைத் துருவிக் கேட்கக் கூடாது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்திலேயே சொன்னால் மனசு லேசாகும், அழைப்புக் குறையும். கடைசிவரை மறைத்தால் வேலை கிடைக்கும். ஆனால் முதல் மோசமான நாள் பொய்யன் பட்டத்தோடு விடியும். என் தேர்வு நடுவில்: வேலை உறுதியான பிறகு, சேரும் முன். அப்போதும் நோயைச் சொல்வதில்லை, தேவையைச் சொல்கிறேன். "எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்" என்றால் எதிரில் இருப்பவர் மனதில் சக்கர நாற்காலி வந்துவிடும். "நீண்டகால மூட்டுப் பிரச்சினை ஒன்று உண்டு. காலை பத்து மணிக்குத் தொடங்கி ஏழு வரை செய்கிறேன். மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்க்க அரைநாள் வேண்டும்" என்றால் அவர் காலண்டரைத் திறப்பார். கிடைக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கையும் பார்த்துவிட்டு இப்போது நான் வந்து நிற்பது வாரம் 4 நாள் சம்பள வேலையில். அதில் 3 நாள் வீட்டிலிருந்து. இன்டர்வியூ முடிவில் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். "போன மாதம் உங்கள் டீமில் யாராவது திடீரென்று விடுப்பு எடுத்தார்களா? அன்று அவர் வேலையை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டேன். இதற்கு முன் ஓரிடத்தில் இதே கேள்விக்கு, "எங்க டீம்ல யாரும் அப்படி லீவு போடமாட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். இங்கே இன்டர்வியூ எடுத்த அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "போன வியாழக்கிழமை. நான்தான் பார்த்தேன்" என்றார். மறுவாரம் சேர்ந்துவிட்டேன்.