கடல் கடந்து போன சுற்றுலாவும் மலைக்கு வந்த சுற்றுலாவும்

போயா என்ற பௌர்ணமி லீவோடு சேர்ந்து சனி, ஞாயிறும் வந்தது. மழையும் கூடவே வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் புழுக்கம். வேறு வேலை இல்லாததால், தியேட்டரில் தவறவிட்ட இரண்டு படங்களை அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தோம். முதல் இரவு 'டூரிஸ்ட் ஃபேமிலி', மறுநாள் 'பாரடைஸ்'. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யோசித்துப் போடவில்லை. மகள் கேட்டது ஒன்று, நான் கேட்டது ஒன்று, அவ்வளவுதான். இரண்டாவது படம் பாதி ஓடும்போதுதான் உறைத்தது: இரண்டும் 2022 இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் நாங்கள் பட்ட பாட்டிலிருந்து முளைத்த கதைகள். இரண்டிலும் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். ஒன்றில் இங்கிருந்து அங்கே போகிறவர்கள், மற்றதில் அங்கிருந்து இங்கே வருகிறவர்கள்.

முடிவுகளையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிக்கலாம்.

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு விளங்காது. அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சி. மனைவி மலைநாட்டு அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். நான் கொழும்பிலேயே வளர்ந்தவன், எல்லா ஊர்த் தமிழையும் அரைகுறையாகப் பேசுவேன். ஆக ஒரு சோபாவில் மூன்று தணிக்கைக் குழுக்கள்.

அபிஷன் ஜீவிந்த் என்ற புதிய இயக்குநரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 மே மாதம் வந்தது. நெருக்கடி தாங்காமல் சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் இரவோடு இரவாகப் படகில் இராமேஸ்வரம் போய் இறங்குகிறது. சிம்ரனின் அண்ணனாக வரும் யோகிபாபு சென்னையில் ஒரு வீடு பார்த்துக் கொடுக்கிறார். யார் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தில் கதைக்காமல் இருக்க வராது. கொஞ்ச நாளில் தெரு முழுக்கச் சொந்தமாகிவிடுகிறது.

'பாரடைஸ்' பிரசன்ன விதானகே எடுத்தது. 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படத்தை எடுத்த அதே ஆள். 2023 இல் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கிய படம். கேரளத்திலிருந்து ஒரு தம்பதி, ரோஷன் மேத்யூவும் தர்ஷனா ராஜேந்திரனும், ஐந்தாவது திருமண நாளைக் கொண்டாட எங்கள் மலைநாட்டுக்கு வருகிறார்கள். இராமாயண இடங்களைச் சுற்றிப் பார்க்கிற பயணம். நாடு விழுந்து கிடந்த நேரம், அவர்கள் காசுக்கு எல்லாம் மலிவு. தங்கிய இடத்தில் ஓரிரவு கொள்ளை நடக்கிறது, மடிகணினி, போன் எல்லாம் போய்விடுகிறது. பிறகு பொலிஸ்.

முதலில் பொலிஸ்காரர்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டு படத்தின் குணமும் அங்கேதான் பிடிபட்டது. 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் இராமேஸ்வரத்தில் மாட்டுகிறார்கள். ரமேஷ் திலக் நடித்த பொலிஸ்காரர் மனம் இளகி விட்டுவிடுகிறார். சின்ன மகன் அந்த இடத்தில் வாயாலேயே வண்டி ஓட்டுகிறான், நாங்கள் எல்லோரும் சிரித்தோம். 'பாரடைஸ்' பொலிஸ் சார்ஜன்ட் மகேந்திர பெரேரா. களவு கொடுத்த கணவன் விடாமல் நெருக்க நெருக்க, யாரையாவது பிடித்துக் காட்ட வேண்டிய நிலை அவருக்கு. தோட்டத்துத் தமிழ் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மனைவிக்கு உறுதியில்லை. கணவன் அடையாளம் காட்டிவிடுகிறான். பிடிபட்ட ஒருவர் பொலிஸ் காவலில் செத்துப்போகிறார்.

முதல் பொலிஸ்காரரை நான் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. சந்தித்தால் கும்பிடுவேன். இரண்டாவது ஆளைச் சந்தித்திருக்கிறேன். மகேந்திர பெரேரா அவரைக் கெட்டவராகவே நடிக்கவில்லை. களைத்துப்போன, மேலிடத்துக்கும் வெளிநாட்டுக்காரனுக்கும் நடுவில் மாட்டிய அரச ஊழியர் போலத்தான் நடக்கிறார், கதைக்கிறார். அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

அம்மாவின் தணிக்கை முழுக்க மொழி பற்றியது. 2000 இல் 'தெனாலி' வந்தபோது கமல் கதைத்த யாழ்ப்பாணத் தமிழையே இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறவள். சசிகுமாரைப் பார்த்து, "நல்ல பிள்ளைதான், ஆனா எங்கட பக்கம் இவ்வளவு ஆறுதலாக் கதைக்க மாட்டினம்" என்றாள். அவள் காத்திருந்த 'உது', 'உவன்' எதுவும் அவள் காதில் விழவில்லை. "வடமராட்சியில உவன் எண்டு சொல்லாம ஒரு கதை முடியுமே?" எனக்குக் குறை அதுவல்ல. படத்தில் குடும்பத்தின் தமிழ் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது. கோபத்திலும் அதே இழுவை, கொஞ்சலிலும் அதே இழுவை. சிம்ரன் மட்டும் சில இடங்களில் பேச்சை விட்டுவிட்டு முகத்தால் தப்பித்துவிடுகிறார்.

ஆனால் கடைசியில் ஒன்று நடக்கிறது. குடும்பத்தைத் தேடி பொலிஸ் தெருவுக்குள் வரும்போது, சென்னைக்காரர்கள் ஒவ்வொருவராக இலங்கைத் தமிழ் கதைக்கத் தொடங்குகிறார்கள். யார் அசல், யார் நகல் என்று தெரியாமல் போகிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இவையள் சசிகுமாரை விட நல்லாக் கதைக்கினம்."

அந்தக் காட்சி எனக்கும் தொண்டையை அடைத்தது, அதை மறைக்கவில்லை. கூடவே வேறொன்றும் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னை போனோம். ஆட்டோவில் ஏறும் முன் "அம்மா, வாயைத் திறக்காதேங்கோ, நான் பேசுறன்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வாரம் ஓடியது. எங்கள் தமிழ் வெளியே வந்தால் கட்டணம் கூடும். ஒரு வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, அறை இல்லை என்றார். கெட்ட ஊர் என்று சொல்லவில்லை, இட்லி கொண்டுவந்து தந்த பக்கத்து அறை அக்காவும் அதே ஊர்தான். படம் அந்த அக்காவை மட்டும் எடுத்து ஒரு தெரு முழுக்க நட்டிருக்கிறது.

மண்டபம் அகதி முகாமும் படத்தின் பாதையில் இல்லை. 2022 மார்ச்சில் முதலில் போனவர்களைத் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிவிட்டன. இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டது, பிறகு மண்டபம். அந்தப் பாதையில் போனால் இந்தப் படம் இந்தப் படமாக இருக்காது என்பது எனக்கும் விளங்குகிறது. கதை நேரே சென்னை போனதால்தான் எம்.எஸ். பாஸ்கரின் சிடுசிடுப்பும், தெருவில் ஒரு சாவு விழும்போது இந்தக் குடும்பம் முன்னால் நின்று காரியம் பார்ப்பதும் கிடைக்கின்றன. அந்தச் சாவு வீடு எங்கள் சாவு வீடேதான். யார் எவர் என்று கேட்காமல் கதிரை தூக்குகிற ஆட்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

ஷான் ரோல்டனின் இசை நல்லதுதான், ஆனால் அழவேண்டிய இடத்துக்கு ஐந்து விநாடி முன்பே வந்து நிற்கிறது. 'பாரடைஸ்' அப்படித் தோளைத் தட்டுவதில்லை. ராஜீவ் ரவியின் கமரா பனியைக் காட்டுகிறது, தேயிலையைக் காட்டுகிறது, அழகாகவே காட்டுகிறது. ஆனால் பார்க்கிறவனுக்கு நிம்மதி வராது. ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் படம். மற்றது இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும், ஆனால் அது ஓடினது தெரியவில்லை. இது ஒவ்வொரு நிமிடமும் தெரிந்தது.

மனைவி முதல் படத்துக்கு நன்றாகச் சிரித்தாள். இரண்டாவதில் தோட்டத்து ஆட்களை நிறுத்திய இடத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முடிந்த பிறகு அம்மாவிடம்தான் சொன்னாள்: "மாமி, செத்துப்போனவரோட பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. வந்தவங்க பேரு ரெண்டும் இருக்கு."

உண்மைதான். கேசவ், அமிர்தா. கேசவின் பதற்றம், அமிர்தாவின் சந்தேகம், சாரதி-வழிகாட்டியாக வரும் ஷ்யாம் பெர்னாண்டோவின் பணிவான புன்னகை எல்லாம் மனதில் நிற்கின்றன. உயிரை விட்ட ஆளுக்கு அந்த இடம் இல்லை. நான் படத்துக்காக வாதாடிப் பார்த்தேன். கதை வந்தவர்களின் கண்ணால் போகிறது, அவர்கள் எங்களை அப்படித்தான் பார்ப்பார்கள், இயக்குநர் அதைத்தான் குத்திக்காட்டுகிறார் என்றேன். "சரிங்க, குத்திக்காட்டட்டும். எங்க ஆளு எப்பவும் குத்துறதுக்குத் துணியாத்தான் இருக்கணுமா?" என்றாள். 2022 இல் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் தன் அம்மா போனில் என்ன சமைத்தாள் என்று சொல்வதை நிறுத்திவிட்டதை அவள் அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகும் என் கணக்கில் 'பாரடைஸ்'தான் பெரிய படம். தம்பதிக்குள் வரும் விரிசல் கொள்ளைக்குப் பிறகு வந்ததல்ல, முன்பே இருந்தது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டுகிற கெட்டிக்காரத்தனம் எல்லோருக்கும் வராது. முடிவில் அமிர்தாவின் கைக்குத் துப்பாக்கி வருவது திடீரென்று வருவதாகச் சிலர் குறைபடலாம். எனக்குப் படவில்லை. அவள் முதல் காட்சியிலிருந்தே பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

மகள் குறுக்கே ஒரு விஷயம் கண்டுபிடித்தாள். 2002 இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் இதே சிம்ரன் சென்னைத் தாயாக இலங்கைக்கு வந்தார். 23 வருடம் கழித்து இலங்கைத் தாயாகச் சென்னை போகிறார். அதை எடுத்த மணிரத்னத்தின் நிறுவனம்தான் 'பாரடைஸை' வழங்குகிறது. 'தீபனையும்' இந்த வரிசையில் போடலாம் என்று தொடங்கினேன், ஷோபாசக்தி நடித்து 2015 இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். அம்மா, "சண்டைப் படம் வேண்டாம், படுக்கிற நேரம்" என்று எழும்பிவிட்டாள்.

இரண்டு படத்திலும் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்பது என் தனிக் குறை. 13 மணித்தியாலக் கரண்ட் கட்டில் மகளுக்கு விசிறிக்கொண்டு, காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுத் திண்ணையில் தூங்கிய, எங்கேயும் போகாத கொழும்பு ஆட்கள். அது படமாகாது என்று மகள் சொல்கிறாள். "ஒண்டும் நடக்கேல்லையே அப்பா."

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், விருந்தாளி வந்தால், 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைத் தயங்காமல் போடுங்கள், பிளேன்டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது. 'பாரடைஸை' எல்லோரும் படுத்த பிறகு பாருங்கள். மலையகத்துச் சொந்தம் பக்கத்தில் இருந்தால் முடிந்ததும் உடனே கருத்துச் சொல்லாதீர்கள். நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் கனடா ஸ்காபரோவிலிருந்து சித்தி போன் எடுத்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கதை சொன்னாள். சசிகுமாரும் சிம்ரனும் படகில் போனார்கள், மணல்திட்டில் இறக்கினார்கள், மண்டபத்தில் வைத்திருந்தார்கள். நான் திருத்த வாயெடுத்தேன், கையைக் காட்டி அடக்கினாள். பிறகு பெரிய மகனை ஒரு களவுக் கேஸில் பொலிஸ் பிடித்தது, அவன் செய்யவில்லை, தெரு முழுக்கத் திரண்டு வந்து எங்கட தமிழ் கதைத்துக் காப்பாற்றியது. "அந்தப் பெடியன்ர பேரென்ன?" என்று சித்தி கேட்டாள். அம்மா ஒரு கணம் யோசித்தாள். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி, அட்டனிலுள்ள தன் தம்பியின் பெயரைச் சொன்னாள். அம்மா அதையே போனில் திருப்பிச் சொன்னாள்.